11-ஆம் நம்பர எப்ப வெளிய எடுக்குறது?

போன வருஷம் ஒரு பாஸ்கெட்பால் மேட்ச் தோத்தோம், இன்னும் தூக்கத்துல வருது. நாலு குவார்ட்டர்ல (கால் பாகத்துல) மூணாவது முடியுறப்ப நாங்க 9 பாயிண்ட் முன்னாடி, மேட்ச் முடியுறப்ப 6 பாயிண்ட் பின்னாடி. எதிர் டீம் பெருசா ஒண்ணும் கிழிக்கல. நான்தான் நல்லா ஆடுற அஞ்சு பேரையும் அப்படியே உள்ள விட்டுட்டு கைய கட்டிக்கிட்டு நின்னேன், ஜெயிச்சிக்கிட்டு இருக்கோம் எதுக்கு கலைக்கணும்னு ஒரு நெனப்பு. மலேசியாவுல பினாங்கு, சாயங்காலம் அஞ்சு மணி, ஜிங்க் கூரை போட்ட ஹால், ஏர்கான் கெடயாது, ஓரத்துல ரெண்டு பெரிய ஃபேன் இருக்கு, காத்த விட சத்தம்தான் ஜாஸ்தி, தரையில வேர்வை விழுந்து விழுந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒருத்தன் துணிய எடுத்துக்கிட்டு ஓடுவான்.

எங்க பாயிண்ட் கார்டு, அதாவது பந்த முன்னாடி கொண்டு போயி ஆட்டத்த நடத்துறவன், 11-ஆம் நம்பர் (பேரு போட்டா பசங்க கோச்சிக்குவானுங்க, அதனால ஜெர்சி நம்பர்லயே சொல்றேன்). அவன் அன்னிக்கு கடைசி பத்து நிமிஷத்துல மூணு ஷாட் போட்டான், மூணும் ரிங்கோட முன் விளிம்புல பட்டு வெளிய வந்துச்சு. இப்பதான் புரியுது, அது குறி தப்புனது இல்ல, கால்ல தெம்பு இல்ல. ஒவ்வொரு விசிலுக்கும் ஷார்ட்ஸ் நுனிய புடிச்சு குனிஞ்சு நின்னான், நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், பாத்தும் எடுக்கல. கடைசில மூணு நிமிஷம் இருக்கும்போது பயந்துபோயி 8-ஆம் நம்பர அனுப்புனேன். அவன் அதுவர பெஞ்சுல உக்காந்து மினரல் தண்ணி போத்தல்ல ஒட்டியிருக்குற பேப்பர உரிச்சிக்கிட்டு இருந்தான், ஒடம்பு சூடே ஆகல, உள்ள போயி ரெண்டாவது தடவ பந்த தரையில தட்டும்போதே அது அவன் கால்லயே பட்டு வெளிய போச்சு. எல்லாரும் அவனத்தான் திட்டுனாங்க. திட்டு வாங்க வேண்டிய ஆளு நான்.

நான் பெரிய கோச்செல்லாம் இல்ல லா. பகல்ல பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேல, வாரத்துல மூணு சாயங்காலம் ஒரு காலேஜ் டீமுக்கு பயிற்சி குடுக்குறேன், பெட்ரோல் காசு வரும், அவ்ளோதான். டீம்ல சீனப் பசங்க அதிகம், மலாய்க்காரப் பசங்க மூணு பேரு, நம்ம பசங்க மூணு பேரு, டைம் அவுட்ல நான் பேசுற பாஷைக்கு பேரே கெடயாது. அன்னிக்கு ராத்திரி மாமாக் கடைல (இங்க தமிழ் முஸ்லிம் டீக்கடைக்கு அதான் பேரு) தே தாரிக்க, அதான் ஆத்துன டீய, வச்சிக்கிட்டு ஒரு நோட்டுல கணக்கு போட்டேன். மேட்ச் 40 நிமிஷம், உள்ள அஞ்சு பேரு, ஆக மொத்தம் 200 நிமிஷம். இந்த 200-அ பங்கு போடுறதுதான் கோச்சோட வேல, நான் என்னடான்னா கிட்டத்தட்ட 180-அ அஞ்சு பேருக்கே எழுதி குடுத்துட்டேன்.

இப்ப ஒவ்வொரு மேட்சுக்கும் முந்தின ராத்திரியே கட்டம் போட்டு எழுதிடுவேன். 11-க்கு 30 நிமிஷம், நெட்டையன் 4-க்கு 28, 7-க்கு 26, 9-க்கு 25, 5-க்கு 24, இதுவே 133. அப்புறம் 8-க்கு 20, 14-க்கு 18, 6-க்கு 15, 13-க்கு 8. மொத்தம் 194. மிச்சம் 6 நிமிஷத்த யாருக்கும் எழுத மாட்டேன், அன்னிக்கு யாரு போடுறது விழுதோ அவனுக்கு போகட்டும். மேட்ச் இதே மாதிரியே நடக்குமான்னா நடக்காது, ஆனா கல்யாண வீட்டுல எத்தன எலைக்கு சமைக்கிறோம்னு தெரியாம அடுப்பு பத்த வைக்க முடியாதுல்ல.

நோட்டுல முக்கியமா ஒரு விஷயம் எழுதுவேன், இத சொல்லத்தான் இந்த பதிவே. ஒருத்தன வெளிய எடுக்குற நேரத்த எழுதும்போதே அவன் திரும்ப உள்ள போற நேரத்தையும் பக்கத்துலயே எழுதிடணும். முன்னெல்லாம் நான் வெளிய எடுக்குறத மட்டும்தான் யோசிப்பேன், திரும்ப அனுப்புறது தோணுனப்ப. வெளிய வர்ற பையனுக்கு அது தண்டனை மாதிரியே இருக்கும், பெஞ்சுல உக்காந்து துண்ட தலையில போட்டுக்குவான். இப்ப 'நாலு நிமிஷம்டா, ரெண்டாவது குவார்ட்டர் 9 நிமிஷம் இருக்கும்போது போற'ன்னு சொன்னா போதும், உக்காந்த எடத்துலேர்ந்தே எதிராளி எந்தப் பக்கம் ஓடுறான்னு பாத்துக்கிட்டு இருப்பான்.

முதல்ல நான் அமெரிக்கா காலேஜ் மேட்ச் பாத்து காப்பியடிக்கப் பாத்தேன். மார்ச் மாசம் அங்க ராத்திரி ஒன்பது மணி மேட்சு நமக்கு காலைல ஒன்பது மணி, ஃபேக்டரி கேன்டீன்ல திருட்டுத்தனமா போன்ல பாக்கலாம். ஆனா அங்க ஆம்பளைங்க ஆட்டம் 20 நிமிஷம் 20 நிமிஷமா ரெண்டு பாதி, டிவிக்காரங்களுக்காக ஒவ்வொரு பாதியிலயும் மிச்ச நேரம் 16, 12, 8, 4 நிமிஷத்துக்கு கீழ போனதும் முதல் விசிலுக்கு ஆட்டத்த நிறுத்துவாங்க. அதனால அங்க கோச்சுங்க அந்த பிரேக்குக்கு கொஞ்சம் முன்னாடி ஆள வெளிய எடுத்து, பிரேக் முடிஞ்சதும் உள்ள விடுவாங்க, ஆட்டத்துல ஒரு நிமிஷம் போச்சுன்னாலும் பையனுக்கு நாலு நிமிஷம் மூச்சு கெடைக்கும். நமக்கு ஃபீபா (FIBA, உலக பாஸ்கெட்பால் சங்கம்) ரூல், 10 நிமிஷம் நாலு குவார்ட்டர், முதல் பாதிக்கு ரெண்டே டைம் அவுட், டிவியாவது மண்ணாவது.

சரி, நமக்கு எங்க மூச்சு கெடைக்கும்னு தேடுனா குவார்ட்டர் முடியுற எடத்துல கெடைக்குது. முதல் குவார்ட்டர்ல ரெண்டு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது 11-அ எடுத்துடுவேன். அந்த ரெண்டு நிமிஷத்துல விசில், ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு யாரும் தடுக்காம போடுற ஷாட்) எல்லாம் சேத்து நெசமான நேரம் மூணு நாலு ஆயிடும், அதுக்கப்புறம் குவார்ட்டர் நடுவுல 2 நிமிஷ இடைவேளை, ரெண்டாவது குவார்ட்டர்ல முதல் ஒரு நிமிஷமும் உக்கார வச்சா ஆறேழு நிமிஷம் ஓய்வு, கடிகாரத்துல போனது மூணே நிமிஷம். இதே வேலைய மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல போன வருஷம் பண்ணியிருந்தா இப்ப நான் இத எழுதவே வேண்டியிருக்காது.

இன்னொரு கூத்து டேபிள் பக்கத்து நாற்காலி. ஆள் மாத்துறதுன்னா மாத்து ஆட்டக்காரன் அவனே போயி ஸ்கோரர் டேபிள்ல சொல்லிட்டு உக்காரணும், விசில் ஊதி கடிகாரம் நின்னாதான் உள்ள போக முடியும். கூடை விழுந்தா கடிகாரம் நிக்காது, கடைசி குவார்ட்டரோட கடைசி 2 நிமிஷத்துல மட்டும்தான் நிக்கும், அப்பவும் கூடை விட்டுக்குடுத்த டீமுக்குத்தான் முதல்ல ஆள் மாத்துற உரிமை. அதனால ஆட்டம் நல்லா ஓடிக்கிட்டு இருந்தா என் பையன் அந்த நாற்காலியில ரெண்டு மூணு நிமிஷம் பஸ்ஸுக்கு காத்திருக்குற மாதிரி உக்காந்திருப்பான், உள்ள இருக்குறவன் நாக்கு தள்ளிக்கிட்டு ஓடிக்கிட்டு இருப்பான். களைச்சதுக்கப்புறம் அனுப்புனா லேட்டுங்கறது இதனாலதான். இன்னொண்ணு, வெளிய வந்தவன் கடிகாரம் ஒரு தடவையாவது ஓடி நின்னாதான் திரும்ப உள்ள போலாம். நான் ஒருநாள் 4-அ அவசரத்துல எடுத்துட்டு, அடுத்த நொடியே தப்புன்னு தெரிஞ்சு திருப்பி அனுப்ப, ரெஃப்ரி என்னப் பாத்து தலைய ஆட்டுன ஆட்டு இருக்கே, அலமாக், ஹாலே சிரிச்சிச்சு.

மொத்தமா அஞ்சு பேரையும் மாத்துனா என்னன்னு பசங்க கேப்பானுங்க. 2014-15-ல அமெரிக்காவுல கென்டக்கி யுனிவர்சிட்டி கோச் ஜான் கலிபாரி அப்படித்தான் ஆரம்பிச்சாரு, அஞ்சு அஞ்சு பேரா ரெண்டு கூட்டம், மாறி மாறி உள்ள போவாங்க. டிசம்பர்ல அவங்க ஆட்டக்காரன் அலெக்ஸ் பாய்த்ரஸுக்கு முழங்கால் போனதும் அந்த கணக்கு கலைஞ்சிடுச்சு, இருந்தாலும் 38 மேட்ச் தொடர்ந்து ஜெயிச்சு அரையிறுதில விஸ்கான்சின்கிட்ட 71-64-ல தோத்தாங்க. அயோவால க்ரின்னெல்னு ஒரு சின்ன காலேஜ், ஐஸ் ஹாக்கி மாதிரி அஞ்சு பேரையும் ஒண்ணா மாத்திக்கிட்டே இருப்பாங்க, அங்கதான் 2012 நவம்பர்ல ஜாக் டெய்லர் ஒரே மேட்ச்ல 138 பாயிண்ட் போட்டான். நானும் ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச்ல அஞ்சு பேர மாத்திப் பாத்தேன், உள்ள போனவனுங்க யாரு யாரக் காவல் காக்குறதுன்னு ஒருத்தன ஒருத்தன் கைய காட்டிக்கிட்டு நிக்கிறானுங்க, அதுக்குள்ள எதிர் டீம் கிட்டக்க வந்து ரெண்டு கூடை போட்டுடுச்சு. அதெல்லாம் தரமான பத்து பேரு இருக்குற எடத்துக்கு சரி, எனக்கு 12 ஜெர்சி இருக்கு, அசைன்மென்ட் வாரத்துல வர்றது எட்டு பேரு. இப்ப ஒரே ஒரு ரூல், பந்த கொண்டு போறவங்க 11, 8, இவனுங்கள்ல ஒருத்தன் எப்பவும் உள்ள இருக்கணும், உயரத்துல 4, 14-ல ஒருத்தன். மத்தது ஒண்ணு ரெண்டா மாத்திக்கலாம்.

தப்பு பண்ண உடனே வெளிய எடுக்குற பழக்கம் எனக்கு இருந்துச்சு, எங்க கோச் எங்கள அப்படித்தான் வளத்தாரு. அதோட பலன் என்னன்னா 7-ஆம் நம்பர் ஒவ்வொரு ஷாட் போட்டதும் பந்து விழுந்துச்சான்னு பாக்க மாட்டான், என் மூஞ்சத்தான் பாப்பான். ஒரு மேட்ச் வீடியோவுல அத பாத்தப்ப எனக்கே சங்கடமாப் போச்சு. இப்ப தப்புக்கப்புறம் இன்னும் ரெண்டு தடவ பந்து கைமாறுற வரைக்கும் விடுவேன். திரும்பி காவலுக்கு ஓடாம நடந்து வந்தா மட்டும் அடுத்த விசிலுக்கே வெளிய, அதுல பாவ புண்ணியம் பாக்குறது இல்ல.

ஃபவுல் கணக்குல எனக்கும் எங்க டீம் மேனேஜருக்கும் தினம் சண்ட. 5 ஃபவுல்னா ஆள் காலி, அதனால முதல் பாதியில ரெண்டு வாங்குனா உக்கார வைன்னு அவரு. நான் கேக்குறது, அவன் அஞ்சு வாங்கிட்டா அவனோட மிச்ச நிமிஷம் போயிடும்னு பயந்துதான உக்கார வைக்கிறோம், அந்த நிமிஷத்த நாமளே இப்ப தூக்கிப் போட்டா என்ன லாபம்? 4-ஆம் நம்பர் நிதானமான பையன், ரெண்டு ஃபவுல்லயும் கை நீட்டாம ஆடுவான், அவன விட்டுடுவேன். 14 கோவக்காரன், முதல் ஃபவுலுக்கே கண்ணு செவந்துடும், அவன ரெண்டாவதுக்கு காத்திருக்காம எடுத்து தண்ணி குடிக்க வச்சுடுவேன். டீம் ஃபவுலும் பாக்கணும், ஒரு குவார்ட்டர்ல நாலு ஆயிட்டா அஞ்சாவதுலேர்ந்து அவங்களுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ, அந்த நேரத்துல 14-அ உள்ள விடுறது எண்ணெய் சட்டியில தண்ணி ஊத்துற மாதிரி.

நோன்பு மாசம் வந்தா இந்த நோட்டு மொத்தமும் மாறும். 4, 9, 6 மூணு பேரும் நோன்பு, ஏழரை போலதான் திறப்பாங்க, அஞ்சரைக்கு ஃப்ரெண்ட்லி மேட்ச். 'ஓகே கோச், நான் ஆடுறேன்'னுதான் மூணு பேரும் சொல்லுவானுங்க. அவனுங்கள மூணு மூணு நிமிஷமா உள்ள விட்டு எடுப்பேன், தண்ணி குடிக்க முடியாதவனுக்கு நீளமா ஓய்வு குடுத்தும் பிரயோஜனம் இல்ல, சூடு ஏறாம பாத்துக்கிட்டா போதும். அந்த மாசம் 13-ஆம் நம்பருக்கு தீபாவளி.

13 பத்தி சொல்லணும். போன வருஷம் அந்த தோத்த மேட்சுக்கு அவங்க அம்மா பட்டர்வொர்த்துலேர்ந்து ஃபெரி ஏறி வந்திருந்தாங்க, கையில டிஃபன் கேரியரோட. முடிஞ்சதும் என்கிட்ட வந்து, கோவமெல்லாம் இல்ல, மெதுவாத்தான் கேட்டாங்க: "தம்பி, அவனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா, கடைசி வரைக்கும் உக்காந்தே இருந்தான்?" நான் "இல்லக்கா, அது வந்து..."ன்னு இழுத்தேன். பதில் இல்ல எங்கிட்ட. அவன்கிட்டயும் நான் மேட்சுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருக்கல. அவன் எட்டு நிமிஷ ஆட்டக்காரன்தான், அத அவனே ஒத்துக்குவான், ஆனா எட்டுங்கறத முந்தின நாளே அவன்கிட்ட சொல்லணும், எந்த எட்டுன்னும் சொல்லணும்.

கடைசியா நான் திருடுன ஒண்ணு. அமெரிக்காவுல நார்த் கரோலைனா யுனிவர்சிட்டில 1961-லேர்ந்து 1997 வர கோச்சா இருந்த டீன் ஸ்மித், மைக்கேல் ஜோர்டான் காலேஜ்ல ஆடுனது இவருகிட்டதான், அவரு ஒரு வழக்கம் வச்சிருந்தாரு. களைச்சுப் போன ஆட்டக்காரன் கைய முஷ்டியா தூக்கி காட்டுனா வெளிய எடுத்துடுவாரு, அப்படி தானா கேட்டு வந்தவன் மூச்சு வாங்கிக்கிட்டு தானாவே திரும்ப உள்ள போலாம். கேக்காம களைப்ப மறச்சு, கோச் கண்டுபிடிச்சு எடுத்தாதான் திரும்ப போறது கோச் கையில. மூணு மாசம் முன்னாடி பசங்ககிட்ட சொன்னேன், சிரிச்சானுங்க, ஒருத்தனும் கை தூக்கல, கை தூக்குனா கோழைன்னு நெனச்சிருப்பானுங்க.

போன சனிக்கிழமை மூணாவது குவார்ட்டர் நடுவுல 11 என்னப் பாத்து முஷ்டிய தூக்குனான். நான் நோட்டுல எழுதியிருந்ததுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி. 8 போனான், நாற்காலியில அரை நிமிஷம்தான் உக்காந்தான், நல்லவேளை ஒரு ஃபவுல் வந்துச்சு. 11 வந்து உக்காந்து துண்டால மூஞ்ச தொடச்சான், அர போத்தல் தண்ணி குடிச்சான், ஷூ கயித்த அவுத்து திரும்ப கட்டுனான், அப்புறம் என்ன பாக்கவே இல்ல, எந்திரிச்சு நேரா டேபிளுக்கு நடந்து போயிட்டான். நான் பென்சில எடுத்து பழைய நேரத்த அடிச்சிட்டு புதுசா எழுதிக்கிட்டேன். வர்ற சனிக்கிழமை 8-க்கும் 5-க்கும் பரீட்சையாம், 200-அ ஏழு பேருக்கு பிரிக்கணும், இன்னிக்கு ராத்திரி மாமாக்ல ரெண்டு தே தாரிக் ஆவும் போல.