பணம் கேட்ட மேசையும் கொடுக்கும் மேசையும்

அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் வீடு தேடும் நம்மவர்கள் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்பே பள்ளி எல்லையைப் பார்த்துவிடுவார்கள். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, எதிர்ப்பக்கம் வேறு பள்ளி, விலையிலும் அதற்கேற்ற வித்தியாசம். சாண்டில்லியில் நாங்கள் வீடு வாங்கியதும் அப்படித்தான். அந்தக் கோட்டைப் போடுவது யார் என்று மட்டும் நாங்கள் யாரும் கேட்டதில்லை.

போடுவது ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஸ்கூல் போர்டு, அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் குழு. தொகுதிக்கு ஒருவராக ஒன்பது பேர், கவுண்டி முழுவதற்கும் மூன்று பேர், ஆக 12 பேர். ஏறக்குறைய 1,80,000 பிள்ளைகளின் படிப்பு இவர்கள் கையில். 1995க்கு முன் இது நியமனப் பதவி. அந்த ஆண்டிலிருந்துதான் மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. ஆனால் சாவடி வாசலிலிருந்து 40 அடி தள்ளி நிற்கும் கட்சிக்காரர் நீட்டும் மாதிரிச் சீட்டில் யார் எந்தப் பக்கம் என்பது பளிச்சென்று தெரியும். அந்த மட்டில் நம்ம ஊர் மாதிரிதான்.

இத்தனை அதிகாரம் உள்ள போர்டுக்கு வரி போடும் உரிமை மட்டும் கிடையாது. ஆண்டுதோறும் பட்ஜெட்டை எழுதிக்கொண்டு கவுண்டியை ஆளும் குழுவினரான சூப்பர்வைசர்களிடம் போய் நிற்க வேண்டும். வீட்டு வரி விகிதத்தை முடிவு செய்வது அவர்கள்தான். கவுண்டியின் பொது நிதியில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்கே போனாலும், ஒவ்வொரு வசந்தத்திலும் கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே இழுபறிதான்.

எங்கள் சல்லி தொகுதியின் கேத்தி ஸ்மித்தைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது இதனால்தான். 2002இல் ஸ்கூல் போர்டுக்கு வந்தவர், 2015 வரை அங்கேயே இருந்தார், தலைவராகவும் இருந்திருக்கிறார். 2015 நவம்பரில் சூப்பர்வைசர் தேர்தலில் வென்றார். அதாவது பதின்மூன்று ஆண்டுகள் பணம் கேட்ட பக்கம் இருந்தவர், 2016 ஜனவரியிலிருந்து பணம் கொடுக்கும் பக்கம். பிராவிடன்ஸ் தொகுதியில் டாலியா பால்சிக்கும் இதே வழியில் வந்தவர். அர்ஜென்டினாவில் பிறந்தவர், 2015இல் ஸ்கூல் போர்டு, 2019இல் சூப்பர்வைசர். இங்கே ஸ்கூல் போர்டு ஒரு முதல் படி. அதில் தப்பில்லை என்பது என் எண்ணம். வகுப்பறைச் செலவு தெரிந்தவர் கவுண்டி மேசையில் இருந்தால், குறைந்தபட்சம் அந்தப் பட்ஜெட்டைப் படிக்கவாவது தெரியும்.

ஏப்ரலில் பட்ஜெட் மீது பொது விசாரணை நடக்கும். பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. பெயர் கொடுத்தால் போதும், மூன்று நிமிடம் கிடைக்கும். விசாவில் இருந்தபோதே போய்ப் பேசினேன். முன்வரிசையில் ஆசிரியர்கள், பின்னால் வரி ஏறக்கூடாது என்று வந்த பெரியவர்கள். எனக்கு முன் பேசிய பாட்டி, ஓய்வூதியம் அப்படியே நிற்க வீட்டு வரி மட்டும் எப்படி ஏறுகிறது என்று கணக்கை வரிவரியாக வாசித்தார். அதற்குப் பிறகு எழுந்து வகுப்பில் பிள்ளைகள் அதிகம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. சூப்பர்வைசர்கள் கேட்டுக்கொண்டார்கள், குறிப்பெடுத்தார்கள், பதில் சொல்லவில்லை. விசாரணையில் அதுதான் வழக்கமாம்.

நம் சமூகம் ஸ்கூல் போர்டைக் கண்டுபிடித்தது 2020 இறுதியில். மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளியின் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் இடம் ஒதுக்க போர்டு முடிவெடுத்தது. வாட்ஸ்அப் குழுக்கள் கொதித்தன. ஆதரவும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 பிப்ரவரியில் அந்த நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க மறுத்ததோடு முடிந்தது. கொதித்த நண்பர்களில் ஓட்டுரிமை உள்ள சிலரிடம், 2019இல் அந்தப் போர்டுக்கு யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "அந்த வருஷம் எலெக்‌ஷன் இருந்ததா?" என்றார். அதிபர் தேர்தல் இல்லாத ஒற்றைப்படை ஆண்டில் வருவதால் பலருக்கு நினைவே இருப்பதில்லை.

அடுத்த ஸ்கூல் போர்டு தேர்தல் 2027 நவம்பரில். 45 நாளுக்கு முன்பே முன்கூட்டி வாக்களிக்கலாம். குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்தவர்கள் முதலில் வாக்காளராகப் பதிந்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை அப்புறம் பார்க்கலாம்.