பல் எடுக்கும் நாளிலேயே எலும்பையும் காக்க வேண்டும்

கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் எனக்குக் கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்று வேர்வரை பிளந்துவிட்டது. வேர்ச்சிகிச்சையாலும் பயனில்லை என்றான பிறகு, பாலக்காட்டில் நான் பார்த்த மருத்துவர் ஊசி போடுவதற்கு முன்பே, பின்னாளில் அந்த இடத்தில் இம்ப்ளாண்ட், அதாவது எலும்புக்குள் பொருத்தும் செயற்கைப் பல்வேர், வைக்கும் எண்ணம் உண்டா என்று கேட்டார். பல் போன ஓராண்டுக்குள் எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதியாகக் குறையக்கூடும் என்பதும், அதில் பெரும்பங்கு முதல் 3 மாதங்களிலேயே கரைந்துவிடும் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கன்னப்பக்கத்துச் சுவர் மெல்லியது என்பதால் அதுவே முதலில் தேய்கிறதாம்.

இந்தத் தேய்வைக் குறைக்க, பல் எடுத்த குழியில் அன்றே எலும்புத்துகளை நிரப்பலாம் என்றார். அந்தத் துகள் பெரும்பாலும் மாட்டெலும்பைப் பதப்படுத்திச் செய்வது என்றபோது, சுத்த சைவமான என் அம்மா தயங்கினார். மனத்தில் இருப்பதைக் கேட்டுவிடுவதே நல்லது. கால்சியம் பாஸ்பேட்டில் செய்த செயற்கைத் துகளும் உண்டு என்று மருத்துவர் காட்ட, அதையே தேர்ந்தெடுத்தோம். மலையாளத்தில் இருந்த ஒப்புதல் படிவத்தை அங்கிருந்த நர்ஸ் வரிவரியாகத் தமிழில் சொன்ன பிறகே கையெழுத்திட்டேன்.

மருத்துவர் பல்லை முறுக்கி இழுக்காமல், இரண்டாக அறுத்து வேர்களைத் தனித்தனியே எடுத்தார். சுவர் உடையாமல் இருக்க அதுவே வழி. குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இரத்தத்தில் நனைத்த ரவை போன்ற துகளை அளவாக நிரப்பி, மேலே மெல்லிய சவ்வால் மூடி, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் போட்டார்.

"அக்கா, இன்னைக்குத் துப்பாதீங்க, உறிஞ்சியும் குடிக்காதீங்க" என்று நர்ஸ் இருமுறை சொன்னார். உள்ளே உறைந்த இரத்தம் கலைந்தால் எல்லாம் வீணாகிவிடும் என்பதால் இளநீரைக்கூட டம்ளரில் ஊற்றித்தான் குடித்தேன். ஓரிரு துகள்கள் நாக்கில் தட்டுப்பட்டபோது பயந்து போன் செய்தேன். கொஞ்சம் உதிர்வது வழக்கம்தான், சீழோ கடும் வலியோ இருந்தால் உடனே வர வேண்டும் என்றார்கள்.

இந்தச் சிகிச்சை எலும்புத் தேய்வை முற்றிலும் நிறுத்துவதில்லை, குறைக்கிறது. செலவும் கூடும். ஆனாலும் எலும்பு கரைந்த பிறகு வேறிடத்திலிருந்து எலும்பெடுத்து ஒட்டவைக்கும் அறுவையை எண்ணினால், பல் எடுக்கும் அன்றே செய்துகொள்வதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. இம்ப்ளாண்டைச் சுற்றி 1.5 மில்லிமீட்டராவது எலும்பு வேண்டும் என்பார்கள். சில மாதங்கள் கழித்து எடுத்த ஸ்கேனில் எனக்கு அது தாராளமாகவே இருந்ததால், மறுபடி எலும்பு சேர்க்காமலேயே இம்ப்ளாண்டைப் பொருத்தினார்கள்.