முதல் 15 லீற்றர்

எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லாற்றில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கின மணல் துண்டு. ஆவணி பிறந்தால் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட முடியாது, அவ்வளவு உவர். அதனால்தான் ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்று வாங்கி, முற்றத்துப் பக்க ஓட்டுக் கூரைக்கு மழைத் தண்ணீர் பிடிக்கப் பீலி பூட்டினோம்.

முதல் மாரியில் பிடித்த தண்ணீர் வெறும் சாயத் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று மாதக்கணக்காய் அள்ளிப்போட்ட புழுதி, ஓட்டுப் பாசி, முருங்கைச் சருகு, காகம் விட்டுப்போன மீன் முள் என்று கூரையில் கிடந்ததெல்லாம் தாங்கிக்குள். பெத்தா, அதாவது என் பாட்டி, அன்றைக்கே சொன்னார், "இப்ப பிடிக்காத புள்ள, கூரை கழுவுப்படட்டும்." அவருடைய காலத்தில் ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்த பிறகுதான் தாழ்வாரத்தில் குடம் வைப்பார்களாம். நான்தான் கேட்கவில்லை.

அடுத்த வருடம் தாங்கிக்குப் போகும் வழியில், கீழ்நோக்கி ஒரு நாலு அங்குலக் குழாயைக் கிளையாக இறக்கி, அடியை மூடியால் அடைத்தோம். முதலில் வரும் ஊத்தைத் தண்ணீர் அதில் நிரம்பும். நிரம்பிய பிறகு வருவது தாங்கிக்குத் திரும்பும். நீளத்துக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். கூரையின் சரிவை அளக்கக் கூடாது, அது மூடும் நிலத்தைத்தான் அளக்கவேண்டும். எங்களுக்கு அது 28 சதுர மீற்றர். முதல் அரை மில்லிமீற்றரைக் கழிக்க 14 லீற்றர் வேண்டும். ஆறடிக் குழாய் ஏறத்தாழ 15 பிடிக்கும். கச்சானுக்குப் பிறகு வரும் முதல் மழைக்கு இது காணாது. அன்றைக்குத் தாங்கிக் குழாயையே கழற்றி, எல்லாவற்றையும் வாழைக்கு விடுகிறோம்.

பீலி வாயில் நுளம்பு வலை போட்டோம். மட்டமாகப் போட்டதில் சருகு அடைத்து, தண்ணீர் சுவரில் வழிந்தது. இப்போது சாய்வாக வைத்திருக்கிறோம், சருகு தானாக வழுக்கி விழுகிறது. முருங்கை இலை மட்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த மரத்தை வெட்டச் சொன்னால் வீட்டில் சண்டைதான்.

இவ்வளவும் செய்தும் போன மார்கழியில் தண்ணீர் நாறியது. வலையும் சரி, பீலியும் சரி. கடைசியில் என் வீட்டுக்காரர் குழாயின் அடிமூடியைக் கழற்றினார். சளக்கென்று கறுப்புச் சேறு காலில் கொட்டியது. மழை விட்ட பிறகு குழாய் மெல்ல வடியட்டும் என்று மூடியில் போட்ட சின்ன ஓட்டை, ஓட்டுத் துகள் அடைத்து மூடிக் கிடந்திருக்கிறது. குழாய் வடியவே இல்லை. நிரம்பின குழாய் எதைப் பிடிக்கும்? ஒவ்வொரு மழையின் அழுக்கும் நேரே தாங்கிக்குத்தான் போயிருக்கிறது.

இப்போது திருகு மூடி போட்டிருக்கிறோம். மழை விட்டதும் திறந்து கழுவுவது என் வேலை. குடிக்கிற தண்ணீரை எப்படியும் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம். ஓட்டையைக் குத்த ஒரு கம்பி, தேய்க்க ஒரு பழைய பல்துலக்கி, இரண்டையும் கயிற்றில் கட்டிக் குழாயிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். பெத்தா நேற்று அந்தப் பல்துலக்கியைப் பார்த்துவிட்டு, யாருடையது என்று கேட்டார்.