பிரைட்டனில் மூன்று மோதிரங்கள்

லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். கடற்கரையில் மணலே கண்ணில் படவில்லை, முழுக்கக் கூழாங்கல். அலை பின்வாங்கும்போது கற்கள் உருளுகிற சத்தம், முறத்தில் அரிசி புடைப்பது மாதிரியே இருந்தது.

மீன்பிடி ஊராக இருந்த இதை மேட்டுக்குடிக்காரர்களின் ஊராக்கியவர் ஒரு டாக்டர். கடல்நீரில் குளித்தாலும், அதைக் குடித்தாலும் நோய் தீரும் என்று ரிச்சர்ட் ரஸ்ஸல் 1750-இல் புத்தகம் எழுதினார். பிரபுக் குடும்பங்கள் கல்யாண வயதுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தன. சக்கரம் வைத்த மர அறையைக் குதிரை கடலுக்குள் இழுத்துப்போகும். உள்ளேயே உடை மாற்றி இறங்குகிற பெண்களைப் பிடித்து அலையில் முக்கியெடுக்கவே ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் பேர் பெற்றவர் மார்த்தா கன். மாலையில் ஸ்டீன் புல்வெளியில் உலாவல், ராத்திரி நடனம். முன்பின் அறிமுகமில்லாத இருவர் சேர்ந்து ஆட வேண்டுமானால், அதற்கென்றே இருந்த விழாத் தலைவர் முறைப்படி அறிமுகம் செய்துவைக்க வேண்டும்.

1783-இல் இங்கே முதல்முறை வந்தபோது, பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் ஜார்ஜுக்கு 21 வயது. அப்புறம் அவர் மனதைப் பறிகொடுத்தது மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டிடம். மரியா இரண்டு முறை கணவனை இழந்தவர், ஆறு வயது மூத்தவர், கத்தோலிக்கர். 1785 டிசம்பரில் லண்டனில் ரகசியக் கல்யாணம். அரசரின் சம்மதம் இல்லாததால் சட்டப்படி அது செல்லாது. ஆனாலும் பிரைட்டன் கோடைகளில் இருவரும் சேர்ந்தே இருந்தார்கள். பத்து வருஷம் கழித்து, கடன் கழுத்தை நெரிக்க, ஜார்ஜ் கரோலின் இளவரசியை மணந்துகொண்டார். பிறகு மரியாவிடமே திரும்பினார், மறுபடியும் பிரிந்தார். எனக்கு இதில் ஜார்ஜ்மேல் கோபம்தான்.

கூட்டமெல்லாம் அவர் கட்டிய ராயல் பெவிலியனில். வெளியே இந்தியக் குவிமாடங்கள், உள்ளே சீன டிராகன்கள். கண்ணைப் பறிக்கிறதுதான், ஆனால் என் மனம் அங்கே நிற்கவில்லை. கெம்ப் டவுன் பக்கம் இருக்கிற செயின்ட் ஜான் தேவாலயத்துக்கு நடந்தேன். 1837-இல் இறந்த மரியாவை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். ஏழு வருஷம் முன்னால் ஜார்ஜ் இறந்தபோது, மரியாவின் சின்னப் படம் ஒன்றைக் கழுத்தில் போட்டுத்தான் புதைத்தார்களாம்.

மரியாவின் சிற்பத்துக்குப் பக்கத்தில் போய் விரலைப் பார்த்தேன். ஒரே விரலில் மூன்று கல்யாண மோதிரங்கள். சட்டம் ஒப்புக்கொள்ளாத மூன்றாவதையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.