கீழமாசி வீதி பில்லும் பழைய ஆன்ட் ஸ்கிரிப்ட்டும்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடைக்கு எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள். நிரலை ஓடும் வடிவாக்கும் பில்ட் வேலை இத்தனை நாள் உபுண்டுவில் நடந்தது, இனி அதை விண்டோஸ் மெஷினில் செய்ய வேண்டும். கிரேடில் என்ற வேறொரு பில்ட் கருவிக்கு மாறிவிடலாமே என்கிறார்கள். நன்றாக ஓடும் ஆன்ட் (ஜாவா நிரல்களுக்கான பில்ட் கருவி) ஸ்கிரிப்ட்டைக் கலைக்க எனக்கு மனமில்லை.

புது மெஷினில் ஓட்டியதுமே நின்றது. டாஸ்க்டெஃப்பில், அதாவது நாமே எழுதிய டாஸ்க்கை ஆன்ட்டுக்கு அறிமுகப்படுத்தும் வரியில், சொன்ன கிளாஸைக் காணோமாம். தமிழ்ப் பொருட்பட்டியலைப் படித்து ப்ராப்பர்டீஸ் ஃபைல் எழுதித் தரும் கஸ்டம் டாஸ்க் அது, அதன் கிளாஸ் இருப்பது ஒரு ஜாரில், அதாவது கிளாஸ்களைக் கட்டி வைக்கும் ஃபைலில். பில்ட் ஃபைல் இரண்டு மெஷினிலும் ஒன்றேதான்.

"அண்ணே, அந்த ஜார் ப்ராஜெக்ட்லயே இல்லையே. அங்க மட்டும் எப்புடி ஓடுது?" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பயனரின் ஹோம் ஃபோல்டரில் '.ஆன்ட்/லிப்' என்று ஒன்று இருந்தால், அதிலுள்ள ஜார்களை ஆன்ட் கேட்காமலே ஏற்றிக்கொள்ளும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் உபுண்டுவில் சாதாரணமாகக் கண்ணிலும் படாது. பழைய மெஷினில், அந்த ஃபோல்டரைப் பார்க்காதே என்னும் '-நோயூசர்லிப்' போட்டு ஓட்டச் சொன்னேன். அங்கேயும் அதே எரர். இதைப் பார்த்ததும் பாதி பாரம் இறங்கிவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டாஸ்க்கின் சோர்ஸைத் தம்பி புது மெஷினில் கம்பைல் செய்து, ஜாரை ப்ராஜெக்ட்டின் லிப் ஃபோல்டரில் வைத்தான். டாஸ்க்டெஃப்பில், கிளாஸைத் தேட வேண்டிய இடமான கிளாஸ்பாத்தும் கொடுத்தாயிற்று. இப்போது வேறு புகார்: கிளாஸ் ஃபைலின் வெர்ஷன் 61, தனக்கு 52 வரைதான் தெரியும் என்கிறது. 61 என்றால் ஜாவா 17, 52 என்றால் ஜாவா 8. டெர்மினலில் கேட்டால் 17 என்றே பதில். 'ஆன்ட் -டயக்னாஸ்டிக்ஸ்' அடித்து ஜாவா.ஹோம் வரியைப் பார்த்தோம், 8 இருக்கும் ஃபோல்டர். டெர்மினல் ஜாவாவைத் தேடுவது பாத் என்ற ஃபோல்டர் பட்டியலில். ஆன்ட் முதலில் பார்ப்பது, ஜாவா எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஜாவா_ஹோம் வேரியபிளை. அதை 17-க்குத் திருப்பி, புது டெர்மினல் திறந்ததும் ஓடியது. திறந்தே கிடக்கும் பழைய டெர்மினலுக்குப் புது மதிப்பு தெரியாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

பில்ட் சக்சஸ்ஃபுல் என்று வந்தும் பில்லில் 'சீரகம்' இல்லை, 18 கிறுக்கல்கள் இருந்தன. அந்த 18-தான் துப்பு. சீரகத்துக்கு ஆறு குறியீடுகள்: ச, ஈகாரக் குறி, ர, க, ம, புள்ளி. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறைகளில் (என்கோடிங்) ஒன்றான யுடிஎஃப்-8-ல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். பைட்டுக்கு ஓர் எழுத்தாக யாரோ படித்திருக்கிறார்கள். யாரோ என்ன, நம் டாஸ்க்தான். என்கோடிங் சொல்லாமல் ஃபைலைத் திறக்கிறது. உபுண்டுவில் இயல்பே யுடிஎஃப்-8 என்பதால் தப்பித்தது. ஜாவா 18-லிருந்துதான் எல்லா சிஸ்டத்திலும் அது இயல்பு. 17-ல் விண்டோஸ் தன் பழைய எழுத்து அட்டவணையான கோட் பேஜையே கொடுக்கும். 18-க்கு மேல் போனால் தானாகச் சரியாகிவிடும் என்றான் தம்பி. நான் ஒப்பவில்லை. தமிழைப் படிக்கும் நிரல் எந்த என்கோடிங்கில் படிக்கிறது என்பதைத் தானே சொல்ல வேண்டும், மெஷினின் தயவில் விடக் கூடாது. ஃபைலைப் படிக்கும் ரீடரில் யுடிஎஃப்-8 எழுதினோம், கம்பைல் செய்யும் ஜாவாக் டாஸ்க்கிலும் என்கோடிங் சேர்த்தோம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஸ்கிரிப்ட்டின் தலையிலேயே இரண்டு ஃபெயில் டாஸ்க்: ஜார் இல்லாவிட்டாலும், ஜாவா 17-க்குக் குறைந்தாலும் காரணத்தைத் தமிழிலேயே சொல்லி நிற்கும். சிஸ்டத்தின் வேரியபிள்களைப் படிக்க என்விரான்மென்ட் ப்ராப்பர்ட்டியையும் அறிவித்தாயிற்று. இல்லாவிட்டால் ஜாவா_ஹோமின் மதிப்புக்குப் பதில் டாலர் குறியோடு பெயரே அச்சாகும். விண்டோஸில் பாத் வேரியபிளின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறி வரலாம், ஆன்ட்டோ இரண்டையும் வேறு வேறாகவே பார்க்கும். அதைச் சமாளிக்கும் அந்த ஒரு வரியைத் திங்களன்று எழுதிக்கொள்ளலாம்.