வலப்பக்கம் படுப்பதும் நண்பகல் உறக்கமும்

வலப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது இதயத்துக்கு நல்லது என்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி வரும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. உளூ எனும் தொழுகைக்கான கழுவுதலைச் செய்துவிட்டு வலப்பக்கமாகப் படுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர் பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது புகாரி எனும் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் பதிவாகியிருக்கிறது; சுன்னத் (நபிவழி) என்பதற்காகவே நான் அப்படிப் படுக்கிறேன். ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களை மருத்துவர்கள் இடப்பக்கம் படுக்கச் சொல்கிறார்கள், ஏனெனில் அந்நிலையில் இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுவது குறைகிறது. உறங்குமுன் விளக்கை அணைக்கச் சொன்ன ஹதீஸும் அப்படித்தான்: இரவு வெளிச்சம், உறக்கத்துக்கு உதவும் ஹார்மோனான மெலடோனின் சுரப்பைக் குறைக்கும் என்பது உண்மை, எனினும் ஹதீஸ் சொல்லும் காரணம் எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடும் என்பதே.

மார்க்கமும் ஆய்வும் நெருங்கி வருவது நேர ஒழுங்கில்தான். இஷா எனும் முன்னிரவுத் தொழுகைக்கு முன் உறங்குவதையும் அதற்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபியவர்கள் விரும்பவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகே உண்போம், கைலூலா எனும் நண்பகல் உறக்கம் கொள்வோம் என்கிறார் நபித்தோழர் ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி). உடலின் உட்கடிகாரம் பிற்பகலின் தொடக்கத்தில் தானாகவே விழிப்பைத் தளர்த்துகிறது. மதிய உணவு உண்ணாதவருக்கும் அந்த அயர்வு வரும். சுமார் 20 நிமிடம் கண்ணயர்ந்தால் தெளிவு கிடைக்கும், நீண்டுவிட்டால் ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே எழுந்து மந்தமாகத் திரிய நேரும். பிரியாணிக்குப் பிறகு நான் அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்கான பாங்கு (அழைப்பு) வரை உறங்கிவிட்டு அதற்குக் கைலூலா என்று பெயர் வைத்திருந்தது வேறு கதை.

அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானதாகச் சொல்லப்பட்ட இறைத்தூதர் தாவூத் (அலை) அவர்களின் தொழுகையை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தேன். அவர்கள் இரவில் பாதி உறங்கி, மூன்றில் ஒரு பங்கு நின்று வணங்கி, எஞ்சிய ஆறில் ஒரு பங்கு மீண்டும் உறங்குவார்கள். இரவை 9 மணி நேரம் என்று கொண்டால் உறக்கம் 6 மணி நேரம் வருகிறது. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அமைப்புகள் 2015இல் பரிந்துரைத்தன. குறையும் அந்த நேரத்தில் ஒரு பகுதியையாவது கைலூலா ஈடுசெய்யும். அதுவும் போதாமல் உடல் தளர்ந்தால் என்ன செய்வது? இரவுத் தொழுகையில் சோர்வு வந்தால் பிடித்துக்கொள்ள நபியவர்களின் துணைவியார் ஸைனப் (ரலி) அவர்கள் பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே கயிறு கட்டியிருந்தபோது, அதை அவிழ்த்துவிடுமாறும், உற்சாகம் உள்ளவரை தொழுது சோர்ந்ததும் உட்கார்ந்துவிடுமாறும் நபியவர்கள் சொன்னார்கள்.