புது நெல் வந்த மாதத்தில் சோற்றைக் குறைத்தேன்

ஜனவரி 20, 2025, திங்கள்

எடை 94 கிலோ. ரத்தப் பரிசோதனை முடிவு பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது: மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1 சதவீதம் (சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை), ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு. சிறுநீரகத்தில் குறை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே மாவுச்சத்தைக் குறைக்க மருத்துவர் சம்மதித்தார். நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும். 100 கிராம் அரிசியில் மட்டும் சுமார் 78 கிராம் இருக்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுவடை நடக்கும் நேரம் இது. எங்கள் வயலிலும் இயந்திரம் இறங்கியிருக்கிறது. “நம் வயல் நெல்லை நீயே தொடமாட்டாய் என்றால் எப்படித் தம்பி?” என்று அம்மா கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அப்பாவைச் சர்க்கரை நோய் என்ன பாடு படுத்தியது என்று இருவருக்குமே தெரியும்.

ஜனவரி 22, புதன்

காலையிலிருந்து தலைவலி, கெண்டைக்காலில் இழுப்பு. இது பசியால் வருவதல்ல. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்குகிறது. சிறுநீரகம் நீரோடு உப்பையும் சேர்த்து வெளியேற்றிவிடுகிறது. எனக்கு ரத்த அழுத்தம் இல்லாததால் மருத்துவர் முன்பே சொல்லியிருந்தபடி மோரில் கூடுதலாக உப்புப் போட்டுக் குடித்தேன். இரவு ஆட்டு எலும்பு ரசம். படுக்கும்போது தலை தெளிந்திருந்தது.

ஜனவரி 25, சனி

இன்று ஒன்று புரிந்தது. மனைவி விரால் மீன் குழம்பு வைத்திருந்தார். தட்டில் இரண்டு துண்டு மீன், பக்கத்தில் குழம்பு, கோவைக்காய் வதக்கல். ஒரு வாய் குழம்பை அப்படியே எடுத்ததும் புளி நாக்கைச் சுரண்டியது. உப்பும் காரமும் தூக்கலாக இருந்தன. ஆனால் அதே குழம்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்ட அம்மா, “இன்றைக்குப் பதம் அருமை” என்றார். இருவர் சொன்னதும் சரிதான். நம் குழம்பின் உப்பு, புளி, காரம் எல்லாமே சோற்றுக்கு அளந்து போட்டவை. சோற்றை எடுத்துவிட்டால் சமையலின் அளவே மாற வேண்டும். இதைச் சொல்லாமல் “சோற்றை மட்டும் விடுங்கள்” என்று ஆலோசனை தருவதால்தான் பலர் ஒரே வாரத்தில் சலித்துப்போகிறார்கள் என்று நினைக்கிறேன்.

மாலையில் மனைவி எனக்காக ஒரு பங்கு குழம்பைத் தனியாக எடுத்துத் தேங்காய்ப்பால் விட்டு இறக்கினார். கிண்ணத்தோடு குடித்தேன்.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. முட்டையும் மீனும் கிடையாது. படையலில் சோறு, பருப்பு, வாழைக்காய், பாயசம். காக்கைக்கு வைத்தபின் ஒரு பிடி சோறு நானும் சாப்பிட்டேன். அப்பாவுக்குப் படைத்ததை மறுக்க மனம் இல்லை, மறுக்கவும் கூடாது. மற்றபடி அவரைக்காய்ப் பொரியல், புடலங்காய்க் கூட்டு, பனீர், தயிர். வாழைக்காயில் மாவு அதிகம் என்பதால் தொடவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

91.2 கிலோ. மகிழ்ச்சிதான், ஆனால் இதில் பெரும்பகுதி நீர். உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது நீரும் போகிறது. கொழுப்பு மெதுவாகத்தான் குறையும்.

சித்தப்பா வந்திருந்தார். “அரிசிதானே ஆகாது? கேழ்வரகு சாப்பிடு” என்றார். கேழ்வரகில் நார்ச்சத்தும் கால்சியமும் அதிகம், நல்ல தானியம்தான். ஆனால் 100 கிராமில் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. இந்தக் கணக்கில் அது அரிசிக்கு மாற்று ஆகாது. இதெல்லாம் புதுமோகம் என்றும் சொன்னார். 1863-இலேயே லண்டனில் வில்லியம் பாண்டிங் என்பவர் ரொட்டியும் சர்க்கரையும் உருளைக்கிழங்கும் விட்டு இளைத்ததை எழுதி வெளியிட்டிருக்கிறார் என்று சொன்னேன். சித்தப்பா விவரமாகக் கேட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

“நானும் இரவுச் சோற்றை விட்டுவிடட்டுமா?” என்று போன வாரம் அம்மா கேட்டபோது உடனே வேண்டாம் என்றேன். அவர் சாப்பிடுவது கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை. சாப்பாட்டில் மாவைக் குறைத்துவிட்டு அந்த மாத்திரையை அதே அளவில் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

நேற்று அழைத்துப் போனேன். இரவு மாத்திரையை நிறுத்தி, காலை அளவைப் பாதியாக்கினார். இரண்டு வாரம் தினமும் வீட்டிலேயே சர்க்கரையைப் பார்த்துக் குறித்து வரச் சொன்னார். இன்று இரவு அம்மாவுக்கு முருங்கைக்கீரை, முட்டை, ஒரு கிண்ணம் தயிர். படுக்கும் முன் 142. நோட்டில் அவரே எழுதினார்.